திருகோணமலையின் கோடுகள்: ஆர்ட் டெக்கோவும் ஒரு துறைமுக நகரும்

1935இல் இலங்கைத் தபால் திணைக்களம் புதிய பட முத்திரை வரிசையொன்றை வெளியிடத் தொடங்கியது. இறப்பர் பால்வெட்டு இரண்டு சதம். சிவனொளிபாத மலை மூன்று சதம். கொழும்புத் துறைமுகம் ஆறு சதம். கொழுந்து பறித்தல் ஒன்பது சதம். காட்டு யானைகள் ஐம்பது சதம். வரிசையின் உச்ச விலை ஒரு ரூபாய். அந்த முத்திரையில் இருந்தது திருகோணமலை. ஐந்தாம் ஜோர்ஜ் இறந்து ஆறாம் ஜோர்ஜின் தலை ஏறிய 1938 வரிசையிலும் ஒரு ரூபாய் இடத்தை இந்த ஊரே தக்கவைத்தது. இரு நிற அச்சு. உலோகத் தகட்டில் நுணுக்கமாகச் செதுக்கிய கோடுகள்.

பழைய முத்திரைகளை இன்று உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்க்கும் இளம் வடிவமைப்பாளர்கள் இதையெல்லாம் பொதுவாக ஆர்ட் டெக்கோ என்று சொல்லிவிடுகிறார்கள். ஒரு ரூபாய்த் திருகோணமலை ஆர்ட் டெக்கோ அல்ல. அது பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செதுக்கோவியக்காரனின் கைவழக்கம்: ஆயிரம் மெல்லிய கோடுகளால் நிழலை நெய்வது. ஆர்ட் டெக்கோவின் கண் நேர் எதிர்த்திசையில் வேலை செய்தது. ஆயிரம் கோடு வேண்டிய இடத்தில் ஒன்றை மட்டும் வைத்தது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால்தான், எண்பது தொண்ணூறு வருடத்துக்கு முந்திய ஒரு வடிவமைப்பு மரபிலிருந்து திருகோணமலையில் இருக்கும் ஒருவர் எதை எடுக்கலாம், எதை விடவேண்டும் என்பது தெளிவாகும்.

1925இல் பாரிஸில் நடந்த அலங்கார, தொழில்துறைக் கலைகளின் கண்காட்சிதான் இந்தப் பாணியின் பெரிய அரங்கேற்றம். ஆர்ட் டெக்கோ என்ற பெயர் ஆங்கில உலகில் பரவியது மிகப் பிந்தி, பெவிஸ் ஹில்லியர் 1968இல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு. படிக்கட்டுப் போல் ஏறும் விளிம்புகள், கதிர் விரியும் சூரியன், வேகத்தைக் காட்டும் இணைகோடுகள், தட்டையான நிறம், எழுத்தையும் படத்தையும் ஒரே உடலாக்கும் அமைப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். இவற்றில் பல அச்சுத் தொழிலிலிருந்து வந்தவை. பாரிஸின் நாகரிக ஏடுகள் பொஷுவார் என்ற முறையில் அச்சிடப்பட்டன: ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தகட்டில் துளை வெட்டி, தூரிகையால் கையாலேயே நிறம் ஏற்றுவார்கள். சுவரொட்டிகளுக்குக் கல்லச்சு. நிறம் கூடினால் வேலையும் செலவும் கூடும். நாலைந்து நிறத்துக்குள் ஒரு உலகத்தையே கட்டவேண்டிய நெருக்கடிதான் அந்தத் தெளிவைத் தந்தது. கணினியில் நிறத்துக்கு விலை கிடையாது என்பதால், இன்று அந்த நெருக்கடியை நாமே நமக்கு விதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உக்ரேனின் கார்கிவ் நகரில் 1901இல் பிறந்து பாரிஸில் உழைத்த கசாண்ட்ர் இதன் உச்சம். 1927இல் அவர் வரைந்த 'நோர்ட் எக்ஸ்பிரஸ்', 'எத்வால் து நோர்' என்ற இரண்டு இரயில் சுவரொட்டிகளும் இன்றுவரை வடிவமைப்புப் பாடசாலைகளில் காட்டப்படுகின்றன. இரண்டாவதில் இரயிலே இல்லை. தொடுவானத்தை நோக்கி ஓடும் தண்டவாளங்களும் அங்கே ஒரு நட்சத்திரமும் மட்டும். அதே 1927இல்தான் திருகோணமலைக்குப் புகையிரதம் வந்தது. மாகோவில் பிரிந்து, கல்லோயாவில் மீண்டும் கிளைத்து, வறண்ட காட்டைக் குறுக்கறுத்துக் கடலில் முடியும் பாதை. கசாண்ட்ருக்கும் கல்லோயாச் சந்திக்கும் தொடர்பெதுவும் இல்லை. ஆனால் இரயில், பெருங்கப்பல், எண்ணெய் என்று எந்த இயந்திர யுகத்தை அந்த ஓவியர்கள் கொண்டாடினார்களோ, அதே யுகம் அதே ஆண்டுகளில் நம் குடாவிலும் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. பாரிஸில் அது சுவரொட்டியாயிற்று. இங்கே இரும்பாகவே நின்றது.

சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்களை நான் அப்படித்தான் பார்க்கிறேன். பிரித்தானியக் கடற்படையின் கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியதால், இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் எழுந்தவை அவை. இன்று 99 தாங்கிகள் எஞ்சியுள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளக்கூடியது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது அழிந்த தாங்கியின் எச்சமும் அங்கே உண்டு. செய்தித்தாளில் இவை எப்போதும் ஒப்பந்தம், குத்தகை, வல்லரசுப் போட்டி என்ற சொற்களோடுதான் வருகின்றன. 2022 ஜனவரி ஒப்பந்தத்தில் 14, 24, 61 என்று அவை பங்கிடப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். வரைபவரின் கண்ணுக்கு அவை வேறொன்று: காட்டுப் பச்சைக்குள் அடுத்தடுத்து நிற்கும் பெரும் உருளைகள், ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும் தாளம். இந்தத் தாளம்தான் ஆர்ட் டெக்கோ ஓவியத்தின் முதுகெலும்பு. திருகோணமலையை வரைய உட்கார்பவர்கள் தென்னையையும் கடற்கரைக் குடையையும் தேடிப் போகிறார்கள். இந்த உருளைகளை எவரும் சுவரொட்டியாக்கி நான் பார்த்ததில்லை.

பார்வைக் கோணம் பற்றியும் சொல்லவேண்டும். கசாண்ட்ர் 1935இல் வரைந்த 'நோர்மண்டி' கப்பல் சுவரொட்டியில் கண் நீர்மட்டத்தில் இருக்கிறது. கப்பலின் முகப்பு நேராக நம்மை நோக்கி, கட்டடம் போல் எழுகிறது. அடியில் சில பறவைகள் பொட்டுப்பொட்டாகத் தெரிவதால் அதன் பருமன் இன்னும் கூடுகிறது. கப்பலைக் கீழிருந்து பார்க்கும் பார்வை அது. திருகோணமலை மக்கள் கப்பலைப் பார்ப்பது மேலிருந்து. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையின் செங்குத்துப் பாறை முந்நூறு அடிக்கு மேல் எழுவது. உவர்மலையிலிருந்து பார்த்தால் உட்துறைமுகம் மடியில் கிடக்கிறது. கப்பல் இங்கே நீலத் தட்டையில் ஊர்ந்து போகும் ஒரு சிறு வடிவம்; அதன் பின்னால் நீளும் நீர்க்கோடுதான் பெரிது. கசாண்ட்ரிடம் கற்கவேண்டியது கோணத்தைத் துணிந்து தெரிவு செய்யும் அந்த முடிவை. அவருடைய கோணத்தையே இங்கே கொண்டுவந்து ஒட்டினால் படம் நன்றாகவே இருக்கும், ஆனால் அது ல ஆவ்ர் துறைமுகத்தின் படமாகிவிடும்.

ஆர்ட் டெக்கோவின் ஆடம்பரப் பக்கத்துக்கு வந்தால் இன்னொரு வியப்பு. 1925 கண்காட்சியில் ருல்மன் என்ற தளபாடக் கலைஞரின் மண்டபம் பேர்பெற்றது. அவர் விரும்பிக் கையாண்டது மக்கசார் கருங்காலி, இந்தோனேசியத் தீவுகளின் மரம். அதன் நெருங்கிய உறவுதான் நமது வறண்ட காட்டுக் கருங்காலி. திருகோணமலைக் காடுகளில் அது முதிரையோடும் பாலையோடும் சேர்ந்து வளர்வது. முதிரையின் பொன்மஞ்சள் பளபளப்பையும் ஐரோப்பியத் தச்சர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். அக்காலப் பாரிஸ் வடிவமைப்பாளர்கள் மேசைக்கும் பெட்டிக்கும் போர்த்திய இன்னொரு பொருள் திருக்கை மீனின் தோல். மணிமணியாக இருக்கும் அதன் மேற்பரப்பைத் தேய்த்து மெருகேற்றி, வெளிர்பச்சைச் சாயமிட்டுப் பொருத்தினார்கள். திருக்கடலூர்க் கரையில் திருக்கை கறிக்கும் கருவாட்டுக்கும் போகிறது. பாரிஸில் ஆடம்பரம் என்று விலைபோன பொருள்களுக்கு இந்துசமுத்திரக் கரைகளில் அன்றாட வாழ்வு இருந்தது. ஆகவே ஆர்ட் டெக்கோவை முழுக்க ஐரோப்பியச் சொத்து என்று கூச்சத்தோடு அணுகவேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. அதன் மூலப்பொருளில் பாதி வெப்பமண்டலத்துடையது. அதன் படிக்கட்டு வடிவங்களில் எகிப்தும் மெசப்பொத்தேமியாவும் மெக்சிக்கோவும் இருக்கின்றன.

இந்தப் பாணியின் மிகப் பெரிய உருவங்கள் இரண்டு இந்த ஊருக்கே வந்துபோயின. 1936இல் முதற்பயணம் போன 'குயின் மேரி' கப்பலின் உட்புறம் ஆர்ட் டெக்கோவின் மிதக்கும் காட்சிச்சாலை. பேரரசின் பல பாகங்களிலிருந்து வந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட மர வகைகளால் இழைத்தது. 1941இல் அவுஸ்திரேலியப் படைகளை சிட்னியிலிருந்து சூயஸ் நோக்கி ஏற்றிப் போனபோது அதுவும் 'குயின் எலிசபெத்'தும் திருகோணமலைத் துறைமுகத்துக்குள் வந்தன. அத்தனை பெரிய கப்பல்களைத் தாங்கும் ஆழமும் மறைவும் இங்கே இருந்தது. அப்போது 'குயின் மேரி'க்கு முழுச் சாம்பல் பூச்சு. கம்பளங்களும் தளபாடங்களும் கழற்றப்பட்டுவிட்டன. கரையில் நின்றவர்கள் கண்டது ஒரு மாபெரும் சாம்பல் நிழலை மட்டுமே. உள்ளே இருந்த மர இழைப்பை இங்கே எவரும் பார்த்திருக்க முடியாது.

இனி என்னை மிகவும் ஈர்த்த இழை. மக்டொனால்ட் கில் என்ற ஆங்கிலேய வரைபடக் கலைஞர் (1884–1947) சித்திர வரைபடங்களுக்குப் பெயர்போனவர். 1914இல் இலண்டன் நிலக்கீழ் இரயிலுக்கு அவர் வரைந்த வேடிக்கை வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே பயணிகள் வண்டியைத் தவறவிட்டார்கள் என்று சொல்வார்கள். 1930களில் இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபைக்காக அவர் இந்தத் தீவை, அதன் தேயிலையையும் ஏனைய தொழில்களையும் காட்டும் சுவரொட்டி வரைபடமாக ஆக்கினார். 1940இல் 'தேயிலை உலகைத் தெம்பாக்கும்' என்ற பொருளில் ஒரு மாபெரும் உலக வரைபடமும் அவர் கையிலிருந்து வந்தது. கண்டிப்பாகச் சொன்னால் இவரும் முழு ஆர்ட் டெக்கோக்காரர் அல்லர். கைவினை இயக்கத்தின் பிள்ளை. ஆனால் தட்டையான நிறமும், படத்துக்குள் எழுத்தைக் கட்டடக் கல்லாக அடுக்கும் திறமையும் இவரிடம் உச்சத்தில் இருந்தன. இவருடைய அண்ணன் எரிக் கில்தான் 1928இல் வந்த கில் சான்ஸ் எழுத்துருவை வரைந்தவர்.

முதல் உலகப் போருக்குப் பின் போர்க் கல்லறை ஆணைக்குழு, இறந்த ஒவ்வொரு படைவீரனுக்கும் ஒரே மாதிரிக் கல் என்று தீர்மானித்தபோது, அந்தக் கற்களுக்கான எழுத்து வடிவத்தை வரைந்தவர் இதே மக்டொனால்ட் கில். திருகோணமலையிலிருந்து நிலாவெளி போகும் வீதியில் பொதுநலவாயப் போர் மயானம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இந்தத் துறைமுகத்தைச் சுற்றி இறந்தவர்கள் பலர் அங்கே உறங்குகிறார்கள். பஸ்ஸில் கடற்கரைக்குப் போகும் உல்லாசப் பயணிகள் அந்தப் புல்வெளியை யன்னல் வழியே ஒரு கணம் பார்த்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். இறங்கிப் போய்ப் பார்க்கவேண்டிய இடம் அது. தேயிலை விற்கத் தீவைச் சித்திரமாக்கிய ஒருவரின் எழுத்து மரபு, போரில் செத்தவனின் பெயரைத் தாங்கி இந்த மண்ணில் நிற்கிறது. எழுத்துகளுக்கு இடையில் விடப்பட்ட வெளி, கோட்டின் தடிப்பு, அலங்காரம் முழுவதையும் நீக்கிய பின்னும் குறையாத கண்ணியம்: இவற்றைப் படிக்க இந்த மாவட்டத்தில் இதைவிட நல்ல வகுப்பறை எனக்குத் தெரியாது.

இதே இடத்தில் கசப்பான ஒன்றையும் எழுதியாக வேண்டும். அந்தச் சுவரொட்டி உலகம் விற்பனைக்காகப் பிறந்தது. நம் விடயத்தில் பேரரசின் விற்பனைக்காக. 1926 முதல் 1933 வரை இயங்கிய பேரரசு வணிகச் சபை பிரித்தானியாவின் தெருக்களெங்கும் அழகான படங்களை ஒட்டியது. அதன் வழியே உருவான கலைஞர்களும் விளம்பர அறிவும் இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபைக்கும் உதவின. பசில் ரைட் 1934இல் எடுத்த 'சோங் ஒவ் சிலோன்' படமும் அந்தத் தேயிலைப் பிரசாரச் சபையின் பணத்தில் தொடங்கியதே. இன்று அது ஆவணப்படக் கலையின் செவ்வியல் ஆக்கம். இந்தப் படங்களில் திரும்பத் திரும்ப வருபவள் கொழுந்து பறிக்கும் பெண். குனிந்த முதுகு, கூடையின் வளைவு, மலைச்சரிவின் கோடு எல்லாம் ஒரே ஒத்திசைவில். அந்த ஒத்திசைவுக்குள் அவளுக்குப் பெயர் இல்லை, கூலி இல்லை, லயன் அறை இல்லை. முத்திரையிலும் சுவரொட்டியிலும் தீவின் முகமாக நின்ற அந்த மலையகத் தமிழ்ப் பெண்ணின் சமூகத்தைத்தான் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றதாக்கியது. ஒரு பாணியின் அழகை நேசிப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டே நேசிக்கவேண்டும். தட்டையாக்கும் கண்ணுக்கு ஒரு ஆபத்து எப்போதும் உண்டு. மனிதரையும் அது தட்டையாக்கிவிடும்.

தமிழர் இந்தப் பாணியைப் பார்வையாளராக மட்டும் பெறவில்லை. சென்னையில் எல். எம். சித்தாலே வடிவமைத்த ஓரியண்டல் காப்புறுதிக் கட்டடம் 1936. பாரிமுனையின் டேர் ஹவுஸ் 1940. கொழும்புக் கோட்டையில் சுவிஸ் கட்டடக் கலைஞர் கார்ல் எகெண்டர் வரைந்த பாவர்ஸ் கட்டடம் 1941. பர்மாவிலும் இலங்கையிலும் பொருள் ஈட்டிய நகரத்தார் தம் செட்டிநாட்டு வீடுகளில் பழைய வளவின் முற்றத்தை மாற்றாமல், முகப்புக்கு மட்டும் இந்தப் புதிய கோடுகளைப் பூசிக்கொண்டார்கள். ஆயினும் சாதாரணத் தமிழ்ச் சனத்திடம் இதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது சினிமாதான். 1948இல் ஜெமினி வெளியிட்ட 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தில், வரிசை வரிசையாய் நின்ற ராட்சத முரசுகளும் அவற்றின்மேல் ஆடிய பெண்களும் ஒரு ஆர்ட் டெக்கோச் சுவரொட்டி உயிர்பெற்றது போலவே இருக்கும். அரங்க அமைப்பு ஏ. கே. சேகர். அந்தத் தலைமுறையின் திரைப்படப் பாட்டுப் புத்தகங்களின் அட்டைகளைப் புரட்டினால், பெயர் தெரியாத எழுத்தோவியர்கள் தமிழ் எழுத்துக்கு நிழலும் சாய்வும் படிவிளிம்பும் கொடுத்திருப்பதைக் காணலாம்.

தமிழ் எழுத்துதான் இந்த விடயத்தில் இன்னும் முழுதாகத் தோண்டப்படாத சுரங்கம். ஆர்ட் டெக்கோ எழுத்தின் இலக்கணம் பெரும்பாலும் வட்டமும் செங்குத்துக் கோடும்; ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் மயிரிழையாவது; குறுக்குக் கோட்டை வழக்கத்துக்கு மாறாக மேலேற்றுவது அல்லது கீழிறக்குவது. உரோமன் எழுத்துக்கு வகுத்த இந்த விதியை அப்படியே போட்டால் தமிழ் எழுத்து முறிந்துவிடும். 'திருகோணமலை' என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். 'கோ'வின் முன்னும் பின்னும் நிற்கும் இரட்டைக்கொம்பும் காலும் இயல்பாகவே ஒரு வாயிலின் இரு தூண்கள். 'ண'வின் சுழிகள் அடுத்தடுத்த வட்டங்களாக விரியக்கூடியவை. எண்ணெய்க் குதங்களை மேலிருந்து பார்த்த வடிவமும் அதுவே. 'ம'வின் சதுரம் கோட்டைச் சுவராகலாம். கடைசி 'லை'யின் வளைவு அலையாகக் கரையில் வந்து படியலாம். இப்படி வரையும்போது பெயருக்கு மேல் தனியாக ஒரு படம் தேவைப்படாது. இதைச் செய்யக் கூடியவர் தமிழை எழுதியும் வாசித்தும் வளர்ந்த ஒருவர்தான்.

இன்று உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதிச் சுவர்களில் பழைய பாணிப் பயணச் சுவரொட்டிகள் தொங்குகின்றன. தென்னை, மஞ்சள் சூரியன், வெறும் மணல், ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர். பாலித்தீவு என்று பெயரை மாற்றினாலும் படம் பொருந்தும். வரைந்தவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. சந்தை கேட்பது அது. ஆனால் இது அகத்தூண்டல் அல்ல. பாணியின் மேல்தோலை மட்டும் உரித்து எடுத்தது. அகத்தூண்டல் என்று நான் கருதுவது, கசாண்ட்ரும் கில்லும் தம் ஊரை எவ்வளவு கூர்ந்து பார்த்தார்களோ அவ்வளவு கூர்மையோடு நம் ஊரைப் பார்ப்பது: சுவாமிமலையின் முறிந்த விளிம்பு, கோபுரத்தின் அடுக்கேற்றம், கோட்டைக்குள் மேயும் மான்களின் கால்கள், கிண்ணியாப் பக்கம் வலை இழுக்கும் மனிதர்களின் ஒரே சாய்வு. அந்த மனிதர்களுக்கு முகமும் வேண்டும். 1930களின் ஓவியர்கள் விட்ட இடத்தை நாம் நிரப்பவேண்டியது அங்கேதான்.

அதற்கு முதலில் பார்க்கப் பொருள் மிஞ்சியிருக்கவேண்டும். உள்நாட்டுப் போரிலும் 2004 சுனாமியிலும் இந்தக் கரை இழந்தது ஏராளம். எஞ்சியதைப் புதிய கண்ணாடி முகப்புகள் மூடிக்கொண்டிருக்கின்றன. மும்பாயின் கடற்கரை ஆர்ட் டெக்கோக் குடியிருப்புகள் 2018இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியதற்குப் பின்னால், தம் கட்டடங்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்தும் ஆவணமாக்கியும் வந்த குடிமக்களின் நீண்ட உழைப்பு இருக்கிறது. அவ்வளவு பெரிய கட்டடத் தொகுதி நம்மிடம் இல்லை. நம்மிடம் இருப்பது சிறிய பொருள்கள்: ஆண்டு பொறித்த கடை முகப்பு, இரும்புக் கிறாதியின் கோலம், மொசைக் தரை, சன்ஷேட்டின் கீழ் ஓடும் மூன்று கோடுகள், பாடசாலை மலரின் அட்டை, பாட்டுப் புத்தகம், கலியாண அழைப்பிதழ், சோடாப் போத்தலின் லேபல். மத்திய வீதியிலோ உட்துறைமுக வீதியிலோ உங்கள் பாட்டனார் கட்டிய வீடோ கடையோ இருந்தால், இடிக்க ஆள் வருமுன் அதை நேர்முகமாக, பகல் வெளிச்சத்தில், அளவுகோல் ஒன்றை அருகில் வைத்துப் படமெடுங்கள். அலுமாரியில் இருக்கும் பழைய அச்சுக் கடதாசிகளை எறியாமல் ஸ்கேன் செய்து, ஆண்டும் அச்சகத்தின் பெயரும் குறித்து, 'நூலகம்' நிறுவனம் போன்ற ஆவணகத்துக்குக் கொடுங்கள். நாளைக்கு இந்த ஊரை வரையப் போகும் பிள்ளைக்கு அவை வேண்டும்.